5 வாட்டும் அரை மீட்டர் கம்பியும்

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. சித்தி வீடு வடுவூரைத் தாண்டி மன்னார்குடி போகிற சாலையில் இருக்கிறது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர். அன்று விடிந்ததிலிருந்து மூன்று நாள் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, செல்போன் கோபுரங்கள் ஊமையாகிவிட்டன. அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சித்தியின் நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தப்பா பைக்கில் வந்து வாசலில் நின்று, "எல்லாரும் நல்லாயிருக்கோம். தென்னைதான் ஒண்ணும் நிக்கல" என்றார். இந்த இரண்டு வரி 30 கிலோமீட்டரைக் கடக்க மூன்று நாள் பிடித்தது. உரிமம் பெற்ற தனிநபர்கள் செல்போன் கோபுரம் எதுவும் இல்லாமல் நேராக ரேடியோ அலையில் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோ பக்கம் நான் வந்தது அந்த மூன்று நாளால்தான்.

ஏஎஸ்ஓசி (அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர்ஸ் சர்டிஃபிகேட்) என்கிற ஹாம் தேர்வுக்குப் படித்தேன். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். அதில் இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்திக் குறியீடு, தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். தேறிய பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு உரிமமும் கால்சைனும் (வானலையில் நம் அடையாளப் பெயர்) தருகிறது. காகிதம் கையில் வந்த அன்றைக்கே கேட்ட முதல் கேள்வி, இப்போது என்னிடம் புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற அதே கேள்வி: எந்த ஹேண்டி வாங்கலாம்?

ஹேண்டி என்று ஹாம்கள் சொல்வது கையடக்க ரேடியோவை, பார்வைக்கு வாக்கி-டாக்கி மாதிரியே இருப்பதை. அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில், அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக ஹாமாக இருக்கும் ஒரு பெரியவரைத்தான் கேட்டேன். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். "எதை வேணும்னாலும் வாங்கும்மா. ஆனா எங்க நின்னு பேசப்போற, எதை மாட்டிப் பேசப்போற, அதை முதல்ல சொல்லு" என்றார்.

நான் நினைத்திருந்தது இதுதான்: என்னிடம் ஒரு 5 வாட் ஹேண்டி, சித்தி ஊரில் உரிமம் எடுத்த யாரிடமாவது ஒரு 5 வாட் ஹேண்டி, அடுத்த புயலுக்கு நாங்கள் தயார். சார் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஹேண்டியில் ஹாம்கள் பேசுகிற 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் அலைவரிசைகள் (அலையின் நீளத்தை வைத்து வந்த பெயர்) பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைக்கிற இடத்தோடு அவற்றின் பயணம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அந்த எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். தெருவில் நின்று பேசினால் வாய் உயரம் ஒன்றரை மீட்டர், எல்லை 5 கிலோமீட்டர். எதிராளியும் அப்படியே நின்றால் அவருக்கு ஒரு 5. ஆக மொத்தம் 10. இருவரும் 12 மீட்டர் உயர மாடியில் ஏறினால் ஆளுக்கு 14, மொத்தம் 28. சித்தி வீடு 30.

"பெரிய கோவில் விமானம் எவ்வளவு தூரத்துல இருந்து கண்ணுக்குத் தெரியுது, யோசிச்சுப் பாரு. ஏறக்குறைய அதே கணக்குதான்" என்றார் சார். விமானம் ஏறக்குறைய 65 மீட்டர். அதன் உச்சிக்கு ரேடியோ எல்லை 33 கிலோமீட்டர் வருகிறது. வயலும் வாய்க்காலுமாகக் குன்றே இல்லாத நம் டெல்டாவில் உயரம் என்பது மனிதர் கட்டியது மட்டுமே.

அட்டைப்பெட்டியில் போடுகிற "8 வாட்", "10 வாட்" எல்லாம் இந்த எல்லையைத் தள்ளி வைப்பதில்லை. 5 வாட்டிலிருந்து 8 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல். கேட்கிறவர் காதில் அது கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. சிக்னல் மீட்டரில் ஒரு படி (எஸ் அளவு என்பார்கள்) ஏறவே 6 டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு சக்தி. பேட்டரி மட்டும் வேகமாகத் தீரும். 5 வாட்டில் பேசும்போதே ஹேண்டி ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கிறது. கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரிதான் உயிர், அதனால் குறைந்த சக்தியில் பேசிப் பழகுவது வாட் எண்ணைத் துரத்துவதைவிட மேல்.

சரி, அப்படியானால் ரேடியோவில் பார்க்க வேண்டியது என்ன?

முதலில் ரிசீவர், அதாவது சிக்னலை வாங்குகிற பகுதி. விலை மலிவான ஹேண்டிகளில் பெரும்பாலும் ஒரே சிப்புக்குள் மொத்த ரேடியோவும் அடங்கிவிடுகிறது. 2012 வாக்கில் வந்து உலகம் முழுக்கப் பரவிய பாவ்ஃபெங் யூவி-5ஆர் அந்த வகை. இத்தனை பேரை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்துவந்த ரேடியோ வேறு இருக்காது. அதற்காக அதை நான் மதிக்கிறேன். யேசு எஃப்டி-60ஆர் போன்ற பழைய பாணி ஹேண்டிகளில் சூப்பர்ஹெட்டரோடைன் என்கிற வகை ரிசீவர், வேண்டாத சிக்னலை நீக்கும் படிப்படியான வடிகட்டிகளோடு. அமைதியான கிராமத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பேருந்து நிலையம், செல் கோபுரங்கள், எஃப்எம் நிலையம் என்று நான்கு பக்கமும் அலை அடிக்கிற இடத்தில்தான் வடிகட்டியின் அருமை புரியும்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் இல்லாமல் அலைவரிசையையும், ரிப்பீட்டர் (உயரத்திலிருந்து நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்புகிற நிலையம்) வழியாகப் பேசத் தேவையான டோன், ஆஃப்செட் என்கிற அமைப்புகளையும் விசைப்பலகையிலேயே போட முடிகிறதா என்று பாருங்கள். புயல் நேரத்தில் யாரும் லேப்டாப்பும் கேபிளும் தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை. மூன்றாவது, உதிரி பேட்டரி கிடைக்கிறதா. முடிந்தால் சாதாரண பென்டார்ச் பேட்டரிகள் போடுகிற பெட்டியும். பொட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு நிகர் கிடையாது. டிஎம்ஆர், சி4எஃப்எம், டி-ஸ்டார் மாதிரி டிஜிட்டல் வசதிகளைப் பொறுத்தவரை உங்கள் பகுதியில் யார் எதில் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பேச ஆள் இல்லாத வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 வரையும்தான் ஹேண்டியில் வேலை. வெளியிலிருந்து வருகிற பல ரேடியோக்கள் 136-இலிருந்து 174 வரை திறந்தே கிடக்கும். காவல்துறை, தீயணைப்பு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அங்கே கை தவறிக்கூட பேசுகிற பட்டனை அழுத்தக்கூடாது. இந்த மாதிரி வாக்கி-டாக்கிகளில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, குறைந்த சக்திக் கருவிகளை மட்டும். இணையக் கடைகளில் யாரிடமும் எதுவும் கேட்காமல் விற்றுக்கொண்டிருந்ததற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு விதிகளே கொண்டுவந்தது. தேர்வு எழுதுங்கள், பிறகு வாங்குங்கள்.

இனி ஆன்டெனா. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஹேண்டியோடு வருகிற குட்டையான கறுப்பு ஆன்டெனாவை ரப்பர் டக் என்பார்கள். உள்ளே இருப்பது ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர் நீளம் இருந்தால் கம்பி இயல்பாக ஒத்திசையும். அந்த அரை மீட்டரைச் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரிச் சுருட்டினால் ஒத்திசைவு வரும், வீச்சு போய்விடும். கொடுத்த சக்தியில் நல்ல பங்கு சூடாகவே கரைகிறது. 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் கால் பங்கு 17 சென்டிமீட்டர்தான் என்பதால் அங்கே குட்டை ஆன்டெனா அவ்வளவு மோசமில்லை. ஒரே ரேடியோ ஒன்றில் நன்றாகவும் இன்னொன்றில் சுமாராகவும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் மாற்று ஆன்டெனா வாங்குகிறோம். டயமண்ட் எஸ்ஆர்எச்77சிஏ, நகோயா என்ஏ-771 போன்றவை 40 சென்டிமீட்டருக்குச் சற்று உள்ளே வரும், வளையும், இரண்டு அலைவரிசைக்கும் ஆகும். டயமண்ட் ஆர்எச்770 மாதிரி நீட்டி மடக்குகிற வகை முழுதாக இழுத்தால் ஒரு மீட்டரை நெருங்கும். உட்கார்ந்த இடத்தில் பேச மிக நல்லது. நடந்துகொண்டே பேசினால் எதிலாவது இடித்து வளைந்துவிடும்.

வாங்கும்போது பலர் தடுக்கி விழுகிற இடம் கனெக்டர், அதாவது ஆன்டெனாவை ரேடியோவில் திருகி மாட்டுகிற இணைப்பு. எஸ்எம்ஏ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருப்பது ஆண், ஓட்டை இருப்பது பெண். யூவி-5ஆரில் ஊசி ரேடியோவிலேயே இருக்கிறது, ஆகவே ஓட்டை உள்ள ஆன்டெனா வேண்டும். எஃப்டி-60ஆரில் நேர் எதிர். இன்னொன்றும் உண்டு: சாதாரண எஸ்எம்ஏ கனெக்டர்கள் ஏறக்குறைய 500 முறை திருகிக் கழற்றுவதற்கென்று செய்யப்பட்டவை. தினம் மாற்றுகிறவர்களுக்கு அது இரண்டு வருடம்கூட வராது. நான் பிஎன்சி என்கிற இன்னொரு வகைக் கனெக்டருக்கு மாற்றுகிற அடாப்டரை நிரந்தரமாக மாட்டிவிட்டேன். பிஎன்சி அரைச் சுற்றுக்குள் பூட்டிக்கொள்ளும். ஆனால் அடாப்டரின் மேல் நீளக் கம்பியை வைத்து ஆட்டினால் அந்த நெம்பு விசை முழுதும் ரேடியோவுக்குள் இருக்கிற சால்டரில் போய் இறங்கும். அடாப்டர் அடிப்பாகம் ரேடியோவின் உடம்பில் ஒட்டி உட்காரும்படி ஒரு ரப்பர் வாஷர் போட்டிருக்கிறேன்.

என் முதல் மாற்று ஆன்டெனா போலி. நல்ல பெயர் வாங்கிய ஒரு மாடலின் படம், அதே எழுத்து, பாதி விலை. மாட்டிப் பேசினால் ரப்பர் டக்கைவிட மோசம். சார் அதை வாங்கி ஒரு எஸ்டபிள்யூஆர் கருவியில், அதாவது ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று அளக்கிற கருவியில், காட்டினார். அளவு அழகாக இருந்தது. எனக்குக் குழப்பம். அப்போது அவர் பையிலிருந்து ஒரு டம்மி லோடை எடுத்து அதே கருவியில் மாட்டினார். ஒன்றுக்கு ஒன்று, பரிபூரணம். "இது 50 ஓம் ரெசிஸ்டர். சக்தியெல்லாம் வாங்கி வயித்துல போட்டுக்கும், ஒரு பொட்டு வெளிய விடாது. எஸ்டபிள்யூஆர் நல்லா இருக்குன்னா சக்தி திரும்பி வரலைன்னு அர்த்தம். வெளிய போச்சான்னு அது சொல்லாது" என்றார். அப்புறம் பிளேடால் அந்தப் போலியின் உறையைக் கீறிப் பார்த்தோம். அடியில் சின்னச் சுருள், அதற்கு மேல் எதனோடும் சேராத ஒரு நைலான் தண்டு. நீளம் வெறும் பார்வைக்கு.

அன்றிலிருந்து நான் நம்புவது காதை. நண்பர் ஒருவர் ஊரின் மறுகோடியில் மாடியில் உட்கார்ந்துகொள்வார். நான் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், குறைந்த சக்தியில், எதை மாட்டியிருக்கிறேன் என்று சொல்லாமல் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மட்டும் சொல்லிப் பேசுவேன். எதில் இரைச்சல் அதிகம் என்று அவர் எழுதிக்கொள்வார். முழு சக்தியில் சோதித்தால் எல்லாமே தெளிவாகக் கேட்டுவிடும், வித்தியாசம் தெரியாது. குரல் இரைச்சலில் மூழ்கப்போகிற விளிம்பில்தான் ஆன்டெனா தன்னைக் காட்டும். நீட்டி மடக்குவது முதலாவதாக வந்தது. 40 சென்டிமீட்டர் கம்பி அடுத்தது. ஆச்சரியம் மூன்றாவதில்: அதே பழைய ரப்பர் டக், ஆனால் வால் கட்டியது.

வால் என்பது 49 சென்டிமீட்டர் ஒயர், அவ்வளவுதான். கால் அலைக் கம்பிக்கு மறுபாதி ஒன்று வேண்டும்; ஹேண்டியில் அந்த மறுபாதியாக இருப்பது ரேடியோவின் உடம்பும் அதைப் பிடித்திருக்கிற நம் கையும்தான். அது போதாது. எலக்ட்ரிகல் கடையில் வளைய லக் ஒன்று வாங்கி, ஒயர் முனையில் அழுத்தி, ஆன்டெனாவின் அடியில் உலோகத்தில் படும்படி செருகிவிட்டால் ஒயர் கீழே தொங்கும். செலவு ஒரு டீ காசு. 40 சென்டிமீட்டர் கம்பிக்கு அது கிட்டத்தட்ட பக்கத்தில் வந்தது. புதிதாக வருகிறவர்களிடம் ஆன்டெனா வாங்கும் முன் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதைவிடச் செலவில்லாதது, ஹேண்டியை நேராகப் பிடிப்பது. பலர் வாய்க்கு நேராகக் கொண்டுவரும்போது ரேடியோவைச் சாய்த்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்போது இங்கே சாய்ந்தால் சாய்ந்த அளவுக்கு இழப்பு. இடுப்பில் மாட்டிக்கொண்டு மைக்கில் பேசுவது இன்னும் மோசம். பாதித் திசையை நம் உடம்பே குடித்துவிடுகிறது.

பெரிய ஆன்டெனா எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடக்கூடாது. நான் விலை குறைந்த ஹேண்டியில் நீளக் கம்பியை மாட்டி, புதிய பேருந்து நிலையம் பக்கம் நின்றபோது ரிப்பீட்டர் காணாமலே போனது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் ரேடியோவாகப் பிடித்தேன், மெல்லக் கேட்டது! பெரிய ஆன்டெனா நமக்கு வேண்டிய சிக்னலை மட்டும் அள்ளிவருவதில்லை, சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து அள்ளுகிறது. வடிகட்டி இல்லாத ரிசீவர் அந்தச் சந்தைக் கூச்சலில் செவிடாகிவிடுகிறது. அந்த மாதிரி இடத்தில் ரப்பர் டக்தான் சரி. ஒரு எச்சரிக்கை: ஆன்டெனா இல்லாமல் கேட்கலாம், பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். போக வழியில்லாத சக்தி டிரான்சிஸ்டரைப் பதம் பார்க்கும்.

இனி என் மனதுக்கு மிகப் பிடித்த ஆன்டெனா. எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு டிவி ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிய பட்டை ஒயர் நினைவிருக்கும்: இரண்டு கம்பி, நடுவே தட்டையான பிளாஸ்டிக். அப்பா மாடியில் கம்பத்தைத் திருப்ப, நான் கீழே ஜன்னலோரம் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்தியிருக்கிறேன். கடலோரத்து ஊர்களில் ரூபவாஹினி பார்ப்பதற்காகவே பனை உயரத்துக்குக் குழாய் நட்டவர்கள் உண்டு. உயரம் என்றால் என்ன, திசை என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அந்த 300 ஓம் பட்டை ஒயரில் ஜே-போல் என்கிற ஆன்டெனா செய்யலாம். ஏறக்குறைய 138 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்முனையில் இரண்டு கம்பியையும் சேர்த்துச் சால்டர் வையுங்கள். கீழிருந்து 41 சென்டிமீட்டரில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் அரை விரல் அகலம் வெட்டி நீக்குங்கள். கீழிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இரு பக்கமும் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, கோஆக்சியல் கேபிளின் நடுக் கம்பியை வெட்டாத பக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையை வெட்டிய பக்கத்திலும் சேர்த்தால் முடிந்தது. இணைப்பை ஓரிரு மில்லிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தி எஸ்டபிள்யூஆரைச் சரிசெய்யலாம். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். இதற்கு மறுபாதி வேண்டாம், கை வேண்டாம், உடம்பு வேண்டாம். கயிறு கட்டித் தொங்கவிட ஓர் உயரம் மட்டும் போதும். கேபிளை மட்டும் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்கு 145-இல் ஏறக்குறைய 2 டெசிபல் விழுங்கும், 435-இல் பாதிக்கும் மேல் போய்விடும்.

2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத்தைப் பற்றி எல்லா ஹாம்களும் பேசுவார்கள். உலக ஹாம்களோடு தொடர்புகொள்ள வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தவர், டிசம்பர் 26-க்குப் பிறகு அதே நிலையத்திலிருந்து தகவல்களைப் பெருநிலத்துக்கு அனுப்பினார். அவர் செய்தது வெகுதூரம் போகிற ஹெச்எஃப் (சிற்றலை) அலைவரிசையில், பெரிய ஆன்டெனாக்களோடு. ஹேண்டியால் கடல் தாண்ட முடியாது. ஹேண்டியால் முடிவது ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

போன அக்டோபரில், மழை பிடிப்பதற்கு முன், சித்தி வீட்டுக்குப் போனேன். சார் தஞ்சாவூரில் தன் மாடிக் கம்பத்தில் யாகியை, பழைய டிவி ஆன்டெனா மாதிரி ஒரே திசையை நோக்குகிற ஆன்டெனாவை, எங்கள் திசைக்குத் திருப்பி வைத்திருந்தார். வாசலில் நின்று ரப்பர் டக்கில் கூப்பிட்டேன், ஒன்றுமில்லை. மாடியில் ஏறி நீட்டு ஆன்டெனாவில் கூப்பிட்டேன். யாரோ பட்டனை அழுத்துகிற மாதிரி இரைச்சல் மட்டும் கொஞ்சம் அடங்கியது, சொல் எதுவும் புரியவில்லை. சித்தப்பா தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு மூங்கிலை நிமிர்த்திக் கட்டினார். அதன் நுனியில் பட்டை ஒயர், தரையிலிருந்து 8 மீட்டர் இருக்கும். மறுபடியும் கால்சைனைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

இரைச்சலுக்கு நடுவே சாரின் குரல் வந்தது. "கேக்குதும்மா. மெல்லிசா இருக்கு, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. என்ன சேதி, சொல்லு."

சித்தி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்ல என்று அவளைப் பார்த்தேன். "எல்லாரும் நல்லாயிருக்கோம்னு சொல்லு" என்றாள்.

அந்த ஒயர் இப்போது அவர்கள் வீட்டுப் பரணில், கயிறோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. சித்தி மகன் பத்தாம் வகுப்பு. அடுத்த ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.